கையும் கருத்தும்

உலகில் நிகழும் தொழில்கள் யாவும் கருத்தாலும் கையாலும் நடைபெறுவன. கருத்து எண்ணுகிறது, கை இயற்றுகிறது. எண்ணியதை இயற்றும் ஆற்றல் இல்லாவிடின் எண்ணம் கனவாய் ஒழியும். இயற்றுவதன் காரணத்தை அறியாவிடின் தொழில் வெறும் பழக்கமாய்த் தேங்கும். இவ்விரண்டும் ஓரிடத்தே பொருந்தி நிற்கும்போதுதான் ஒரு நாட்டின் தொழில் செழிக்கும். அப்பொருத்தத்தைப் பயிற்றுதற்கென்றே அமைந்தது பொறியியற் பட்டயக் கல்வி. பத்தாம் வகுப்பில் தேறிய மாணவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து மூன்றாண்டு பயிலும் கல்வி அது. அக்கல்லூரியைப் பாலிடெக்னிக் என்றும், அங்குப் பெறும் பட்டயத்தை டிப்ளமா என்றும் மக்கள் வழங்குவர்.

இக்கல்வியைப் பற்றி மக்களிடையே நிலவும் எண்ணம் உயர்ந்ததாக இல்லை. மதிப்பெண் குறைந்தவர் சென்று ஒதுங்கும் இடம் என்பர் சிலர். பட்டப் படிப்பிற்குச் செல்லும் குறுக்குவழி என்பர் வேறு சிலர். இகழ்வோர், பயன்கொள்வோர் ஆகிய இரு திறத்தாரும் இக்கல்வியின் இயல்பை அறிந்தாரல்லர். அறியாமையால் விளையும் இழப்போ மாணவர்க்கு மட்டுமன்று, நாட்டிற்கும் உரியது. ஆதலின் இதனைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

பண்டைத் தமிழகத்தில் சிறந்த தொழில்களுள் கருத்தும் கையும் பிரிந்து நின்றில. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் அரண்மனை வகுத்த செய்தி கூறப்படுகிறது. நண்பகற் பொழுதில் இரு கோல்களின் நிழலைக் கொண்டு திசையைத் துணிந்து, நுட்பமாகக் கயிறு பிடித்து, நிலத்தை அளந்து பகுத்தனர் நூலறிந்தோர் என்பது அச்செய்தி. ஞாயிற்றின் செலவை அறிந்தவரும் அவரே; மண்ணிற் குனிந்து கயிறு பிடித்தவரும் அவரே. தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. அக்கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்பான் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. பெருந்தச்சன் என்னும் அப்பட்டத்தை ஊன்றி நோக்குக. தச்சுத் தொழிலை விட்டு நீங்கி அவன் பெரியோன் ஆகவில்லை. அத்தொழிலிலேயே நின்று பெரியோன் ஆயினான். அரசன் அவனுக்கு அளித்த சிறப்பும் தொழிற்பெயரின் மீதே அமைந்தது.

எனினும் பழமை என்பதனால் குறையை மறைத்தல் தகாது. அந்நாளில் இத்தொழில் அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. பிற குடியிற் பிறந்தார்க்கு அவ்வாயில் அடைபட்டிருந்தது. உழுகின்றவன் மகன் ஆர்வத்தால் சிற்பம் பயில விரும்பினும் பயிற்றுவார் இலர். கொல்லன் மகன் இலக்கணமும் கணிதமும் பயில விரும்பினும் நிலை அதுவே. பிறப்பு, கைக்கு ஒரு வேலி இட்டது. கருத்திற்கு மற்றொரு வேலி இட்டது. இந்நாளில் பல்தொழில்நுட்பக் கல்லூரி செய்யும் முதல் நன்மை அவ்வேலியை அகற்றியதேயாம். எக்குடியிற் பிறந்தவரும், ஆணாயினும் பெண்ணாயினும், அங்கு உளியும் பிடிக்கலாம், கணிதமும் கற்கலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பொறியியற் கல்வி நிலத்தை அளத்தலினின்று தொடங்கியது. 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அதுவே வளர்ந்து 1859-இல் பொறியியற் கல்லூரியாயிற்று. 1920-இல் கிண்டியில் இப்பொழுதுள்ள இடத்திற்கு மாறியது. பின்னர்த் தொழில்கள் பெருகப் பெருக, பட்டம் பெற்ற பொறியாளர்க்கும் கைத்தொழிலாளர்க்கும் நடுவே நின்று வேலையை நடத்துவோர் மிகுதியும் தேவைப்பட்டனர். எல்.சி.இ., எல்.எம்.இ., எல்.இ.இ. என்று ஒரு தலைமுறைக்கு முன் வழங்கிய படிப்புகள் அத்தேவையால் எழுந்தவையே. முதலாவது கட்டுமானத்தையும், இரண்டாவது எந்திரத்தையும், மூன்றாவது மின்சாரத்தையும் குறிப்பன. அவற்றைப் பயின்றோரே சாலைப் பணியிலும் அணைக்கட்டிலும் ஓவர்சியர் என்னும் பெயரோடு வெயிலில் நின்று வேலையை நடத்தினர். 1957-இல் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தனி இயக்ககம் தோன்றிற்று. இன்று பெண்களுக்கென்றே அமைந்த அரசு பல்தொழில்நுட்பக் கல்லூரிகளும் உள்ளன. தரமணியில் டாக்டர் தருமாம்பாள் பெயரால் நடைபெறும் கல்லூரி அவற்றுள் ஒன்று.

கோயம்புத்தூரில் 1945-இல் ஒரு பல்தொழில்நுட்பக் கல்லூரி தோன்றுதற்கு முன்னின்று உழைத்தவர் ஜி. டி. நாயுடு (1893–1974) ஆவார். அவர் பள்ளியில் நெடுங்காலம் பயின்றவர் அல்லர். ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றியும் மீண்டும் பூட்டியும் எந்திரத்தின் இயல்பைக் கற்றவர். கழற்றிப் பார்த்தது கை. பூட்டத் தெரிந்தது கருத்து. பின்னாளில் அவர் பேருந்துத் தொழிலிலும் எந்திரத் தொழிலிலும் பெயர் பெற்றார். தாம் பட்டறையிற் பெற்ற அறிவு பிறர்க்கும் முறையாகக் கிடைத்தல் வேண்டும் என்னும் விருப்பமே அவரைக் கல்லூரி காணத் தூண்டிற்று எனலாம்.

இனிப் பட்டயக் கல்வியின் அமைப்பைக் காண்போம். மூன்றாண்டுப் படிப்பு ஆறு பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதலாண்டில் மொழி, கணக்கு, இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு பொறியியல் வரைபடமும் பட்டறைப் பயிற்சியும் உண்டு. பின்னிரண்டு ஆண்டுகளில் கட்டுமானம், எந்திரம், மின்சாரம், மின்னணுவியல், கணினி முதலிய துறைகளுள் அவரவர் எடுத்துக்கொண்டதில் ஆழ்ந்து பயில்வர். தொழிற்பயிற்சி நிலையத்திற் பயின்று தேறியோரும், மேல்நிலைப் படிப்பில் உரிய பாடங்களோடு தேறியோரும் நேரே இரண்டாம் ஆண்டிற் சேரலாம். பட்டயம் பெற்றபின் விரும்பினோர் பொறியியற் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டிற் சேரவும் வழியுண்டு. தொழிற்சாலையிற் சென்று பழகுதற்கும் சட்டம் துணை நிற்கின்றது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டபோது, பட்டமும் பட்டயமும் பெற்றோர் உதவித்தொகையோடு பயிற்சி பெற இடம் அளிக்கப்பட்டது.

இவை வெளியமைப்பு. இக்கல்வியின் உள்ளியல்பு பட்டறையிலேயே விளங்கும். முதலாண்டு மாணவன் கையில் ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும் கொடுக்கப்படுகின்றன. அத்துண்டின் ஒரு பக்கத்தை மட்டமாக அராவுதல் வேண்டும். இதிலென்ன அருமை என்று அவன் எண்ணுவான். அராவத் தொடங்கியபின் அரம் கையில் ஊஞ்சல்போல் ஆடும். பக்கம் மட்டமாவதற்கு மாறாக நடு உயர்ந்து ஓரம் தாழும். ஆசிரியர் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துக் காட்டுவார். இரும்பிற்கும் மூலைமட்டத்திற்கும் இடையே ஒளிக்கீற்று தெரியும். மாணவன் சொல்லத்தக்க மறுமொழி ஒன்றுமில்லை. ஏட்டில் எழுதிய விடைக்கு ஆசிரியர் இரங்கி ஒரு மதிப்பெண் கூட்டி இடலாம், இரும்பு இரங்காது. மீண்டும் அராவுதலே செய்யத்தக்கது. உள்ளங்கை கன்றும்; தோள் நோகும். ஒரு நாள் அவ்வொளிக்கீற்று மறையும். அன்று அவன் கற்றது அராவுதலை மட்டுமன்று. தன் பிழையைத் தானே காணும் நேர்மையையும், காரணம் தேடித் திருத்தும் பொறுமையையும் அவன் கற்கிறான். இப்பாடத்தை எந்நூலும் இத்துணைத் தெளிவாகக் கற்பித்தல் அரிது.

கையின் துல்லியம் இல்லாவிடின் பெருங்கருத்தும் பயன்படாது கிடக்கும் என்பதற்கு நீராவி எந்திரத்தின் வரலாறு சான்றாகும். ஜேம்சு வாட்டு என்பார் கிளாசுகோ பல்கலைக்கழகத்திற் கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் வாழ்ந்தவர். பழுதுற்ற நீராவி எந்திர மாதிரி ஒன்று அவரிடம் வந்தது. அதனை ஆராய்ந்த அவர், நீராவியைக் குளிர்வித்தற்குத் தனிக்கலம் அமைத்தால் எரிபொருள் பெரிதும் மிஞ்சும் என 1765-இற் கண்டார்; 1769-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் எந்திரம் எளிதில் உருவாகவில்லை. அந்நாளில் வார்த்துக் கடைந்த உருளைகள் உள்ளே ஒரே வட்டமாக அமையவில்லை. உருளைக்கும் அதனுள் இயங்கும் உலக்கைக்கும் இடையே நீராவி கசிந்து ஓடிற்று. ஜான் வில்க்கின்சன் என்னும் இரும்புத் தொழிலாளர் தலைவர் பீரங்கிக் குழாய்களைத் துல்லியமாகக் குடைவதற்கு 1774-இல் ஒரு முறை கண்டிருந்தார். அவர் தம் குடைவு எந்திரத்தால் வாட்டிற்கு வேண்டிய உருளையைக் குடைந்து கொடுத்தார். 1776-இல் எந்திரங்கள் தொழிலில் ஓடத் தொடங்கின. உலகை மாற்றிய கருத்து ஒன்று, திருத்தமான ஓர் உருளைக்காகப் பத்தாண்டு காத்திருந்தது. வாட்டின் புகழைப் பேசுவோர் வில்க்கின்சனையும் மறத்தலாகாது.

கருத்து கையை நாடி நின்றது அங்கே. கை கருத்தை நாடி நிற்றலும் உண்டு. உழவர் ஒருவரின் கிணற்றடியில் மோட்டார் எரிந்துபோகின்றது எனக் கொள்வோம். அதனைக் கட்டுவோர் பழைய கம்பிச் சுருளை நீக்கிப் புதிது சுற்றித் தருகின்றனர். ஒரு திங்களில் அது மீண்டும் எரிகின்றது. மீண்டும் சுற்றுகின்றனர். சுற்றியதிற் குறையில்லை; அவர்தம் கை தேர்ந்த கையே. ஆயினும் பணம் வீணாகின்றது, பயிர் வாடுகின்றது. மின்பொறியியல் பயின்ற ஒருவர் வருகின்றார். மோட்டாரைத் தொடுமுன் மூன்று மின்தடங்களையும் அளந்து பார்க்கின்றார். ஒரு தடத்தில் இணைப்புத் தளர்ந்து அவ்வப்போது மின்சாரம் அற்றுப்போகின்றது. மூன்று தடங்கள் சுமக்கவேண்டிய சுமையை இரண்டு தடங்கள் சுமப்பதால் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து சுருள் எரிகின்றது. இணைப்பை இறுக்கி, ஒரு தடம் அற்றால் மோட்டாரை நிறுத்தும் காப்புக் கருவியும் பொருத்திச் செல்கின்றார். எரிந்ததைச் சரிசெய்வது கைத்திறன். ஏன் எரிந்தது என வினாவுவது கல்வி.

இவ்விரு திறமும் ஒருவரையொருவர் மதித்துக் கலக்கும் காட்சி மிகவும் இனியது. ஓர் எடுத்துக்காட்டால் அதனை விளக்கலாம். சிற்றூர் ஒன்றில் பள்ளிக் கட்டடம் எழுகின்றது. பட்டயம் பெற்று அண்மையில் வேலையிற் சேர்ந்த இளைஞன் ஒருவன் மேற்பார்வை செய்கின்றான். முதல்நாள் இரவு மழை பெய்திருந்தது. காலையில் தளத்திற்குக் கான்கிரீட்டுக் கலவை கலக்கின்றனர். முப்பதாண்டு தொழில் செய்த முதிய கொத்தனார், வரைந்த அளவிற்கு மேல் இரண்டு குடம் நீரை ஊற்றச் சொல்கின்றார்.

“பெரியவரே, நீர் மிகுந்தால் தளம் வலுக்குறையுமே” என்றான் இளைஞன்.

“தம்பி, கலவை இளகினால்தானே கம்பிகளுக்கு இடையே இறங்கும்? இறங்காவிட்டால் உள்ளே ஓட்டையாகப் போகும். முப்பது ஆண்டாக இப்படித்தான் கலக்குகிறேன். எந்த வீடு விழுந்தது?” என்றார் கொத்தனார்.

இளைஞன் அதிகாரத்தால் அவரை அடக்கியிருக்கலாம், அவ்வாறு செய்திலன். கம்பிகளினிடையே கலவை இறங்காவிடின் ஓட்டை விழும் என்று அவர் கூறியது உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொண்டான். பின்பு, சிமெண்டு தான் இறுகுதற்கு வேண்டிய அளவு நீரையே ஏற்கும் என்றும், மிச்ச நீர் ஆவியாய் வெளியேறும் என்றும், அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாய் நின்றுவிடும் என்றும், அத்துளை வழியே ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும் என்றும் எளிய தமிழில் எடுத்துரைத்தான். கலவையை இறக்குதற்கு நீரைக் கூட்டாமல் அதிர்வுக் கருவியைப் பயன்படுத்தலாம் என்றான். “வேண்டுமானால் உங்கள் கலவையில் மூன்று கட்டியும் இந்தக் கலவையில் மூன்று கட்டியும் வார்த்து வைப்போம். 28 நாள் சென்றபின் உடைத்துப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்” என்றும் கூறினான்.

கொத்தனார் சிறிது நேரம் பேசவில்லை. மணற் குவியலிடம் சென்று ஒரு பிடி மணலை அள்ளி இறுகப் பிடித்துக் கையைத் திறந்தார். மணல் பிடித்த உருவம் குலையாமல் கொழுக்கட்டைபோல் நின்றது. “அப்படியானால், தம்பி, உன் தாளில் எழுதிய நீரும் இன்று மிகுதிதான். மணல் இரவு மழையைக் குடித்திருக்கிறது பார்” என்றார்.

இளைஞன் நாணினான். மணலில் உள்ள ஈரத்தைக் கணக்கிட்டு நீரைக் குறைத்தல் வேண்டும் என்பது அவன் கற்ற பாடமே. தேர்வில் அதனை எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தான். ஆயினும் வேலையிடத்தில் அது நினைவிற்கு வரவில்லை. கொத்தனாரின் உள்ளங்கை அதனை நினைவூட்டியது. உடனே மணலின் ஈரத்தை அளந்து, அதற்கேற்ப நீரைக் குறைத்தான். 28 நாள் கழித்து 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள அக்கட்டிகளை அழுத்து எந்திரத்தில் வைத்தபோது, நீர் மிகுந்த கட்டிகளே முன்னர் நொறுங்கின. கொத்தனார் அவற்றின் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன்பின் அவர் நீரைக் கூட்டவில்லை. இளைஞனும் மணலைத் தொட்டுப் பாராமல் கலவைக்கு அளவு சொல்லவில்லை.

பட்டயக் கல்வி விரும்புவது இத்தகைய இளைஞனையே. அவன் பொறியாளரின் வரைபடத்தையும் படிக்க வல்லவன்; கொத்தனாரின் உள்ளங்கையையும் படிக்க வல்லவன். இவ்விரண்டினுள் ஒன்றை இழந்தாலும் அவன் கல்வி நிரம்பியதாகாது.

அங்ஙனமாயின் இக்கல்வியைப் பெற்றோர் பலர் விரும்பாமை ஏன்? அவர்களை அறியாதவர் என்று தள்ளிவிடுதல் முறையன்று. தம் வாழ்நாளெல்லாம் வெயிலில் உழைத்த தந்தை, தன் மகனாவது நிழலில் அமர்ந்து எழுதுகோல் பிடித்தல் வேண்டும் என எண்ணுகின்றான். அவ்வெண்ணம் துன்பத்திற் பிறந்தது. கையால் உழைப்பவனை ஊரார் ஒருமையில் அழைப்பதையும், எழுத்து வேலை செய்பவனுக்கு நாற்காலி இடுவதையும் அவன் கண்டிருக்கிறான். பட்டயம் பெற்றோர்க்குச் சில இடங்களில் ஊதியம் குறைவு. எத்துணைத் திறம் காட்டினும் ஒரு படிக்கு மேல் ஏறமுடியாத நிலையும் உண்டு. பட்டம் பெற்றோரே பட்டயத்திற்குரிய வேலைக்கு வந்து போட்டியிடுதலும் காணப்படுகின்றது. ஆகவே குற்றம் தந்தையின் மனத்தில் மட்டும் இல்லை. கை வேலைக்கு மதிப்பளிக்காத சமுதாயத்தின் மீதும் அது சாரும்.

பட்டயம் பெற்றபின் பட்டப் படிப்பிற்குச் செல்லுதல் தவறாகுமா என்றால், தவறாகாது. ஆற்றலும் ஆர்வமும் உடையோர் மேற்செல்லுதல் நன்றே. பட்டறையிற் பழகிய கையோடு உயர்கணிதம் கற்பவன் சிறந்த பொறியாளன் ஆதல் கூடும். ஆயின் மேலே செல்லும் வழியாக மட்டுமே இக்கல்வியைக் கருதுதல் பெரும்பிழை. அங்ஙனம் கருதுவோர் பட்டறையைச் சுமையென எண்ணுவர். தேர்விற்கு வேண்டியதை மட்டும் மனப்பாடம் செய்வர். அரத்தைத் தொட்டும் தொடாமலும் காலத்தைக் கழிப்பர். இறுதியில் அவர்பால் பட்டறை அறிவும் இராது. பட்டப் படிப்பிற்கு வேண்டிய அடிப்படையும் இராது. வழிப்போக்கன் தங்கிச் செல்லும் சத்திரமாக ஒரு கல்லூரியை ஆக்கிவிட்டால் அங்கு வீட்டை வளர்ப்பார் யார்?

கல்லூரிகளின் பொறுப்பும் இங்குச் சொல்லத்தக்கது. எந்திரம் இருந்தும் பூட்டிய அறையில் இருக்குமாயின், அஃது ஓவியத்தில் வரைந்த விளக்கையொக்கும். ஒரு கடைசல் எந்திரத்தைச் சூழ இருபது மாணவர் நின்று, ஒருவன் மட்டும் இயக்க மற்றையோர் பார்த்துக்கொண்டிருப்பின், கற்றவன் ஒருவனே. செய்முறை ஏட்டில் முன்னவர் எழுதியதைப் பின்னவர் பார்த்தெழுதும் வழக்கம் கொடியது. அளந்து பாராத அளவை ஏட்டில் எழுதுபவன், பின்னாளில் சோதித்துப் பாராத பாலத்திற்கும் சோதித்ததாக எழுதத் துணிவான். ஏட்டுப் பொய் சிறிது. பாலத்துப் பொய் பெரிது. ஆனால் இரண்டிற்கும் வித்து ஒன்றே.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். சிற்றூர்ப் பள்ளியில் தமிழில் பயின்ற மாணவன் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் ஆங்கில நூல்களை எதிர்ப்படும்போது திகைக்கின்றான். பொருள் விளங்காமையால் வரிகளை உருப்போடுகின்றான். தான் அறிவிலி என்றே எண்ணிச் சோர்வும் அடைகின்றான். அவனுக்கு அறிவு குறைவன்று. அறிவிற்குப் போதிய வழி திறக்கப்படவில்லை. ஆங்கிலம் கற்றல் வேண்டும். உலகத் தொழில்நூல்கள் அம்மொழியில் மிகுந்துள்ளன. அதனோடு தமிழில் விளங்கிக்கொள்ளலும் வேண்டும். 2010-இல் அண்ணாப் பல்கலைக்கழகம் கட்டுமானம், எந்திரம் ஆகிய துறைகளிற் பட்டப் படிப்பைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. பட்டயப் படிப்பிற்குத் தெளிந்த தமிழ் நூல்களின் தேவை அதனினும் பெரிது. ஏனெனில் பட்டயம் பெற்றவன் தான் கற்றதைத் தொழிலாளர்க்குச் சொல்ல வேண்டியவன். நீர் மிகுந்தால் கான்கிரீட்டு ஏன் வலுக்குறையும் என்பதைக் கொத்தனாருக்குத் தமிழிற் சொல்லத் தெரியாதவன் கற்ற கல்வி, கல்லூரி வாயிலிலேயே நின்றுவிடும். பட்டறைகளில் வழங்கும் சொற்களையும் இகழ்ந்து ஒதுக்குதல் கூடாது. கொல்லரும் தச்சரும் கொத்தரும் ஆண்டு வளர்த்த சொற்களுள் நூலுக்குரியன பல உள. அவற்றைத் திரட்டிப் பாட நூல்களிற் சேர்த்தல் தமிழாசிரியரும் தொழிலாசிரியரும் ஒன்றுகூடிச் செய்யத்தக்க பணியாகும்.

பிற நாடுகளில் இத்தகைய கல்வி எவ்வாறு மதிக்கப்படுகின்றது என்பதையும் அறிதல் நலம். சப்பானிய நாட்டில் கோசென் எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரிகள் 1962 முதல் நடைபெறுகின்றன. பதினைந்து வயதளவில் மாணவர் அவற்றிற் சேர்ந்து ஐந்தாண்டு பயில்வர். நூலறிவும் செய்முறையும் தொடக்கத்திலிருந்தே அங்கு உடன்செல்லும். பயின்று வெளிவருவோரைத் தொழிற்சாலைகள் விரும்பி ஏற்கின்றன. சிலர் பல்கலைக்கழகத்திற்கும் செல்கின்றனர். செருமனியில் ஒரு தொழிலில் முதிர்ந்து தேர்வில் வென்றோர் மைஸ்டர் என்னும் பட்டம் பெறுவர். அது தலைவன், ஆசான் என்னும் பொருளுடையது. அவர் இளைஞரைப் பழக்கும் உரிமையும் உடையவர். பெருந்தச்சன் என்று நம் முன்னோர் வழங்கியதும் இப்பொருளிலன்றோ? அயல்நாட்டாரைக் கண்டு வியக்கும் நாம், நம்மிடம் இருந்ததை மறந்தோம்.

ஆகவே செய்யத்தக்கன சில. கல்லூரிகள் பட்டறை நேரத்தைக் குறைத்தலாகாது. ஒவ்வொரு மாணவனும் தன் கையால் செய்து முடிக்கும் வகையிற் கருவிகளைப் பெருக்குதல் வேண்டும். தொழில் நடத்துவோர், பழகுநராக வரும் இளைஞரைக் கடிதம் சுமக்கவும் தேநீர் வாங்கவும் ஏவாமல் எந்திரத்தருகே நிறுத்திக் கற்பித்தல் வேண்டும். பட்டயம் பெற்றோர் திறம் காட்டினால் மேலேறுதற்குரிய படிகளை அடைத்தலாகாது. பெற்றோர், மதிப்பெண்ணை நோக்குவதோடு தம் பிள்ளையின் கையையும் நோக்குதல் வேண்டும். பழுதான மணியைக் கழற்றிப் பார்க்கும் சிறுவனும், மின்விசிறி ஏன் மெல்லச் சுழல்கிறது என வினாவும் சிறுமியும் வீட்டிற்கு வீடு உள்ளனர். குறும்பு என்று அவர்களை அடக்குமுன் சிறிது எண்ணுதல் நன்று.

மாணவர் கடன் இவை எல்லாவற்றினும் பெரிது. பட்டயம் பயில்வோர் இருவகைச் செருக்கையும் விலக்குதல் வேண்டும். கற்றவன் என்னும் செருக்கால் கையில் எண்ணெய் படிய அஞ்சுதல் ஒன்று. கைத்திறன் உண்டு என்னும் செருக்கால் கணிதத்தையும் காரணத்தையும் வெறுத்தல் மற்றொன்று. முன்னதற்கு ஆட்பட்டவன் பட்டறைக்குப் பயன்படான். பின்னதற்கு ஆட்பட்டவன் வளரான்.

பல்தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் மரத்தில் ஒரு பொருத்துச் செய்து பழகுவர். இரண்டு துண்டுகளிலும் பாதி பாதி செதுக்கி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படிய வைப்பது அது. இரு துண்டும் தத்தம் பருமனை விடாது நின்றால் அவை பொருந்தா. ஒவ்வொன்றும் சிறிது இடங்கொடுத்தபின்னரே இரண்டும் ஒரே சட்டமாகும். கருத்துடையோர் தம் பெருமையிற் சிறிது செதுக்கிக்கொள்க. கைத்திறனுடையோர் தம் பிடிவாதத்திற் சிறிது செதுக்கிக்கொள்க. அப்பொருத்தில் அமைந்த வீடு நெடுங்காலம் நிற்கும்.